பெருமாள் குடையில் ஒரு பொத்தல்

சத்தியம், தம்பி. சத்தியம், சத்தியம், சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த மீசை இப்போதே உதிர்ந்து உங்கள் மடியில் விழட்டும். இந்த மலை மேல் சத்தியம். இந்தப் பஸ் மேல் சத்தியம். மேலே கோயிலில் இருக்கிறாரே கல்லுப்பெருமாள், அவர் மேல்...

“பெருசு, பஸ் மேல சத்தியம் பண்ணாத. பிரேக்கு ஏற்கெனவே ஒரு மாதிரியா இருக்கு.”

அவன் கண்டக்டர். கீழ்நாட்டுக்காரன். டிக்கெட் கிழிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவனை விடுங்கள். நீங்கள் இப்படித் தள்ளி உட்காருங்கள், ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். காற்று எனக்கு ஆகாது. காற்றுகூடப் பரவாயில்லை, சத்தம் ஆகாது. எந்தச் சத்தமா? வருகிறேன், அதற்குத்தானே வருகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் ஃபாரஸ்ட் ஆள் இல்லையே? போலீஸ்? பத்திரிகை? ஓ, மரவள்ளிக் கிழங்குக்கு விலை பேச வந்தவரா? அப்படியானால் சரி. கிழங்கு வியாபாரியிடம் உண்மையைச் சொன்னால் அவர் அதை எங்கேயும் செலவழிக்க மாட்டார்.

பஸ் ஏன் காலியாக இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். இன்று காணும் பொங்கல். எங்கள் ஊர் நெல்லித்தாழையில் பெருமாளுக்குப் பாரிவேட்டை. பச்சைமலையில் கால் உள்ளவர்கள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். இறங்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் நீங்கள், வழக்கம் தெரியாதவர். இன்னொருவன் நான், தெரிந்தவன்.

கூகைப்பாறை வளைவு என்று ஒன்று வரும். அதைத் தாண்டிவிட்டால் போதும். மேலே என்ன வெடித்தாலும் கேட்காது, மலையே குறுக்கே நின்றுகொள்ளும். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் தாண்டிவிட வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வேறு டிரைவர். பிசாசு மாதிரி ஓட்டினான், நல்லவன். இவர் என்னவோ கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிவந்த மாதிரி உருட்டுகிறார். அண்ணே! கொஞ்சம் மிதிங்களேன்!

என்ன சொல்ல வந்தேன்? பெருமாள்.

எங்கள் பெருமாள் சைவம், தம்பி. வருஷத்தில் ஒருநாள் வேட்டைக்குப் போவார். போவார், ஆனால் எதையும் கொல்ல மாட்டார். காட்டு எல்லைவரை பல்லக்கில் போய், ஒரு பூசணிக்காயைக் குத்திவிட்டுத் திரும்பிவிடுவார். இந்த மலையில் பாதிப்பேர் அப்படித்தான் வேட்டையாடுகிறார்கள், வெளியில் சொல்வதில்லை. அந்தப் பல்லக்கு எழ வேண்டுமென்றால் துப்பாக்கி வெடிக்க வேண்டும். சாமி துப்பாக்கி என்றே பெயர். லைசென்ஸ் கோயில் பேரில். நாட்டுத் துப்பாக்கி, குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கிறது. குண்டு கிடையாது, வெறும் வெடி. உச்சிவேளையில் விசையை ஒரே இழுப்பு. மலை அதை நான்கு பக்கமும் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பல்லக்குக்குத் தோள் கொடுப்பார்கள்.

வெடித்தவனுக்குத்தான் முதல் மாலை. ஊர்க்கவுண்டருக்கே இரண்டாவதுதான். முப்பது வருஷம் அந்த முதல் மாலை இந்தக் கழுத்தில் விழுந்தது. இந்தக் கழுத்தில். தொட்டுப் பாருங்கள். வேண்டாமா? சரி.

அந்த உரிமை எனக்குப் பிறப்போடு வந்தது. என் பிறப்போடு அல்ல, என் பெண்டாட்டியின் பிறப்போடு. கொளஞ்சி என்று பெயர். அவள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. அதனால் நான் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். சும்மா போகவில்லை, கெஞ்சிக் கூப்பிட்டார்கள். யானை அனுப்பினார்கள். சரி, யானை இல்லை, மாட்டுவண்டி. சரி, நடந்துதான் போனேன். ஆனால் கூப்பிட்டது உண்மை. மாமனார் கண்ணை மூடியதும் சாமி துப்பாக்கி என் கைக்கு வந்தது. வருஷம் முழுக்க அது எங்கள் வீட்டில்தான் இருக்கும். காட்டுப்பன்றியை விரட்ட இன்னொரு துப்பாக்கியும் இருந்தது, கொல்லைக் காவலுக்கு. அதன் வயிறு வேறு, இதன் வயிறு வேறு.

துப்பாக்கி கெட்டிக்கிறது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. மருந்தைக் கொட்டி நெருப்பு வைத்தால் வெடிக்காது, புஸ்ஸென்று போகும். மருந்துக்கு மேலே அடைப்பு வேண்டும். அதற்குத்தான் சணப்பு நார். சணப்புத் தட்டையைக் குட்டையில் ஊறப்போட்டு, அழுகவிட்டு, நாரை உரித்து, அடித்து, சீப்பால் சீவினால் நீள நார் கயிறு திரிக்கப் போகும். சீப்பில் சுருண்டு மிஞ்சுகிறதே, குப்பை மாதிரி, அதுதான் சிக்கு. அந்தச் சிக்கை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, அதில் ஒட்டியிருக்கிற தட்டைச் சக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய வேண்டும். அப்புறம் எண்ணெய். காட்டுத் துப்பாக்கிக்கு யார் எந்தக் கொழுப்பைத் தடவினாலும் கேட்பாரில்லை. சாமி துப்பாக்கிக்குக் கொழுப்பு ஆகாது. விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி ஒரு ஜாடியில் வைத்திருப்போம். அதைச் சிக்கில் ஊறப்பிசைந்து மருந்துமேல் இறக்கி, அதே எண்ணெயில் தோய்ந்த பருத்தித் துணியை அதற்குமேல் வைத்து, இரும்புக் கோலால் இடித்து இறக்கினால் முடிந்தது.

இதெல்லாம் சில்லறை வேலை. கொளஞ்சி பார்த்துக்கொள்வாள். சணப்பு ஊறப்போடுவது, சீவுவது, பொறுக்குவது, மெழுகு உருக்குவது, துணி கிழிப்பது, மருந்து அளப்பது, இடிப்பது. பெண்பிள்ளை, கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். “ஒரு சக்கை ஒட்டியிருந்தாலும் அது கங்காப் போயி விழும். எண்ணெ குடிக்காத நாரு எரியாம வெளிய வராது.” வருஷா வருஷம் இதே பாட்டு. நான் காதில் வாங்கியதில்லை.

முக்கியமான வேலை என்னுடையது. இழுக்கிறது.

அது எல்லோருக்கும் வராது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். கால் நடுங்கக் கூடாது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுப்பேன். பயந்து அல்ல. கண்ணைத் திறந்தால் கவனம் சிதறும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, தம்பி. பொறாமை பிடித்த ஊர், எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்?

தொரைக்கண்ணு டீக்கடை தெரியுமா, பஸ் திரும்புகிற இடத்தில்? காலையில் அங்கே ஒரு டீயைக் கையில் வாங்கினேன் என்றால் ஊர் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிடும். “சொல்லு மாமா, சொல்லு மாமா” என்பார்கள். நானாக ஒருநாளும் ஆரம்பித்ததில்லை. ஒரு நாள் காட்டுப்பன்றிப் பேச்சு வந்தது. நான் என் பன்றியைச் சொன்னேன்.

“குண்டுக்குச் சுத்துற துணியில என்ன தடவுவேன்னு நெனைக்கிறீங்க? பன்னிக் கொழுப்பு. பன்னிக் கொழுப்பு பன்னியத் தேடும்யா! அன்னிக்கு நான் சுட்டேன், குண்டு வடக்கால போச்சு. பன்னி தெக்கால ஓடுச்சு. குண்டு பாறைகிட்ட நின்னுச்சு. மோந்து பாத்துச்சு. சொந்தக்காரன் வாசம் எங்கேருந்து வருதுன்னு திரும்புச்சு பாரு...”

டீயைத் துப்பிச் சிரித்தார்கள். உண்மையா என்று கேட்கிறீர்கள். தம்பி, நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அந்தக் கதையை நான் சொன்னேன் என்பது முழு உண்மை.

காத்தான் என்று ஒருவன், கொளஞ்சிக்குப் பங்காளி, எனக்கு மச்சான் முறை. முதல் மாலைமேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவன் மெதுவாகக் கேட்டான். “அப்ப சாமி துப்பாக்கிக்கும் அதே கொழுப்புத்தானா மச்சான்?”

மீசையில் கை வைத்தேன். கதை அந்த உயரத்தில் நிற்கும்போது கீழே இறங்க முடியுமா? “பின்ன? வெடி மலையப் போயி முட்டுதே, விளக்கெண்ணெயிலயா முட்டுது?” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் பொன்னுரங்கமும் அங்கேதான் இருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு அடங்கினால் கூட்டம் எழுந்துவிடும் என்று கோழிக் கதையையும் சொன்னேன். ஒருநாள் கொளஞ்சி கையில் துப்பாக்கியைக் கொடுத்தேன், அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தாள், குறி வைத்தது பன்றி, செத்தது எங்கள் வீட்டு அடைக்கோழி, இவள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு எருக்குழியில் பாய்ந்தாள், முக்காடு மட்டும் வெளியே தெரிந்தது. எருக்குழியில் பாய்ந்ததை நடித்தே காட்டினேன். பெஞ்சு ஆடியது.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். கடை வாசலில் பால் சொம்போடு கொளஞ்சி.

வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“கோழியச் சுட்டது யாரு?”

“கதைக்குச் சொன்னதுடி.”

“கதைய விடு. கோழியச் சுட்டது யாரு? எருக்குழியில வுழுந்தது யாரு?”

என்ன கேள்வி இது? ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம். நான் சொன்னேன், “கதைன்னா ஒரு ஆளு கோமாளியா இருக்கணும்டி. நானா இருக்க முடியும்?”

“சரி” என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சட்டியை உடைத்திருந்தால் புதிதாக வாங்கியிருப்பேன். சரி என்றாள். மனுஷி செய்கிற காரியமா அது?

அப்புறம் காணும் பொங்கல் வந்தது. காலையில் பார்க்கிறேன், சாமி துப்பாக்கி உறையோடு சுவரில் தொங்குகிறது. ஜாடி அடுப்பு மேட்டில் அதே இடத்தில் இருக்கிறது. அவள் குளித்து, புதுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, மற்றப் பெண்களோடு கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

“ஏய், துப்பாக்கி கெட்டிக்கலியா?”

“கெட்டிக்கிறவரு கெட்டிச்சுக்கட்டும்.”

எனக்குக் கோபம் வந்ததா? வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இவள் இல்லாவிட்டால் துப்பாக்கி வெடிக்காதா? கொட்டகையில் கயிறு திரிக்கிற இடத்தில் சிக்கு கிடந்தது, ஒரு பிடி அள்ளினேன். பொறுக்க நேரமில்லை. தட்டைச் சக்கை இருந்தால் என்ன, அதுவும் சணப்புதானே. ஜாடியைத் திறந்தேன், மெழுகு கல்லாக இறுகிக் கிடந்தது. பொங்கல் குளிரில் இறுகாமல் என்ன செய்யும்? அதை உருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் உச்சிவேளை தாண்டிவிடும். நாருக்கு எதற்கு எண்ணெய், தலைக்கா தேய்க்கப்போகிறோம்? துணிக்கு மட்டும், மீசைக்குத் தடவுகிற வாசனை எண்ணெய் கொஞ்சம் இருந்தது, அதைத் தடவினேன். துணி ஒரு கல்யாணத்தில் கொடுத்த வேட்டி, பளபள என்று இருக்கும். பருத்தியாக இல்லாதது என் குற்றமா? கொடுத்தவன் குற்றம். மருந்தைக் கண்ணால் அளந்தேன். சத்தம் நன்றாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். இடித்தேன். வியர்த்துவிட்டது, பாருங்கள், அதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

உச்சிவேளை. நாதஸ்வரம் நின்றது. பெருமாள் பல்லக்கில். மேலே வெண்பட்டுக் குடை, ஓரமெல்லாம் ஜரிகை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது. துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினேன், கண்ணை மூடினேன், இழுத்தேன்.

வெடித்தது! அதில் எவனும் குறை சொல்ல முடியாது. அந்த மாதிரி வெடி எங்கள் மலை கேட்டதில்லை. தோள்பட்டை இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். செம்போத்துக் கூடு ஒன்று தீப்பிடித்துப் பறந்து வருகிற மாதிரி, எரிகிற சிக்கு ஆகாயத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கியது. அவசரமே இல்லை அதற்கு. எத்தனை இடம் இருக்கிறது இறங்க? குளம் இருக்கிறது, களம் இருக்கிறது, காத்தான் தலை இருக்கிறது. நேராகப் பெருமாள் குடையில் போய் உட்கார்ந்தது.

ஒரு பொத்தல், தம்பி. ஒரே ஒரு பொத்தல். விரல் நுழைகிற அளவு. சரி, தலை நுழைகிற அளவு. குடையே எரிந்துபோனது என்பதெல்லாம் காத்தான் கட்டிவிட்ட கதை. பூசாரிக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் அண்டாவில் பானகம் இருந்தது. அப்படியே தூக்கிக் குடைமேல் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. வெல்லம் முழுக்கப் பெருமாள் தலையில். கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்துவிட்டது. சாமியை எறும்பு மொய்க்கிறது, பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோளைக் கொடுக்காமல் நிற்கிறார்கள். அந்த வருஷம் பல்லக்கு எழவில்லை. பூசணிக்காய் உயிர் தப்பியது. என்னைத் தவிர எல்லோரும் தப்பினார்கள்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. காத்தான்தான் முதலில் எழுந்தான். “பெருமாள் துப்பாக்கியில பன்னிக் கொழுப்பு போட்டா குடை எரியாம என்னா பண்ணும்? அவரு வாயாலயே சொன்னாரு. கடையில இருந்தவங்க எல்லாரும் கேட்டீங்க.”

எல்லோரும் கேட்டோம் என்றார்கள். சிரித்தோம் என்று ஒருவன் சொல்லவில்லை. அன்றைக்குச் சிரித்த வாய் அத்தனையும் சாட்சி. பொன்னுரங்கம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே அவர், முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

“மாப்பிள, பன்னிக் கொழுப்பு போடலன்னா, கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிடு. விஷயம் முடிஞ்சுது.”

எழுந்தேன். கையை நீட்டினேன். போடவில்லையே, எனக்கென்ன பயம்? அப்போது அந்தப் பூசாரி, வெல்லம் பிசுக்கு இன்னும் கையை விட்டுப் போகவில்லை அவருக்கு, இடையில் புகுந்தார். “கொழுப்பு போடலன்னா என்னா போட்டே? அதையும் சேத்துச் சொல்லிச் சத்தியம் பண்ணு. மருந்து எவ்வளவு, அதுக்கு மேல என்னா, அதுக்கு மேல என்னா?”

கையை எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்கிறீர்கள்? தொழில் ரகசியம், தம்பி! ஊர் நடுவில் நின்று மருந்து எவ்வளவு, நார் எவ்வளவு என்று ஒப்பித்தால் நாளைக்கு ஆளாளுக்குத் துப்பாக்கி தூக்க மாட்டானா? எனக்குத் தெரியாமல் இல்லை. நாக்கு நுனியில் இருந்தது. மீசை எண்ணெய் என்று மட்டும் சொன்னால் போதும், தப்பித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் மாலை வாங்கிய கழுத்து, அதை வைத்துக்கொண்டு மீசை எண்ணெய் என்று சொல்ல முடியுமா? கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொன்னுரங்கம் பெண்கள் பக்கம் திரும்பினார். “கொளஞ்சி, உங்க வீட்டு விஷயம். நீ சொல்லும்மா. அவரு என்னா போட்டுக் கெட்டிப்பாரு?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, தம்பி. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“எனக்கென்னங்க தெரியும்? நான் கோழியச் சுட்டவ. டீக்கடையில அவரு எல்லாம் வெவரமா சொல்வாராமே, அங்க கேட்டிருப்பீங்களே.”

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு டீக்கடைச் சிரிப்பு மாதிரி இல்லை.

கற்பூரம் தானாக அணைந்தது. உரிமை போனது. காத்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான், கழுத்தை அப்போதே நீட்டிக்கொண்டு. அப்போதுதான் அவள் எழுந்தாள். என் தலை உருண்ட பிறகு.

“உரிமை எங்கப்பன் வீட்டுது. அப்பன் வீட்டுல நான் இருக்கேன். இன்னொரு கற்பூரம் கொளுத்துங்க.”

கொளுத்தினார்கள். பூசாரி கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கக்கூட இல்லை. மருந்து எத்தனை மூங்கில் குப்பி, சிக்கு எந்த அளவு உருண்டை, துணி எத்தனை மடிப்பு, கோலால் இடிக்கும்போது எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும், எல்லாம் சொன்னாள். வாய்ப்பாடு மாதிரி. தொழில் ரகசியத்தை ஊருக்கே வாரி இறைத்தாள். “இத்தன வருசத்துல விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் தவிர வேற எதுவும் அந்தக் குழலுக்குள்ள போகல. நேத்து என்னா போச்சுன்னு எனக்குத் தெரியாது. நேத்து நான் கெட்டிக்கல.” உள்ளங்கையால் கற்பூரத்தை அமுக்கி அணைத்தாள்.

ஊர் திரும்பி என்னைப் பார்த்தது. பன்றிக் கொழுப்பு போட்டவன் என்று கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். கோபத்தை வாங்கிக்கொண்டேன், தம்பி, அது ஆம்பளைக்குச் சாதாரணம். ஆனால் இப்போது கோபமே இல்லாமல் பார்த்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள். இதே வார்த்தையை ஒரு மூச்சுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கை நீட்டி நிற்கும்போது? காத்திருந்தாள். முப்பது வருஷம் சோறு போட்டுவிட்டு, ஒரு கற்பூரம் அணைகிறவரைக்கும் காத்திருந்தாள். இந்த அநியாயத்துக்கு என்ன பெயர்?

பொம்பளை சாமி துப்பாக்கியைத் தொடலாமா என்று காத்தான் கத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாக நானும் அவனும் ஒரே கட்சி. பெருமாளிடமே பூக் கேட்போம் என்றார்கள். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் சம்மதம். பெருமாளும் அவள் பக்கம். விளக்கெண்ணெய் வாசத்துக்குப் பழகிவிட்டார் போலிருக்கிறது.

இது மூன்றாவது வருஷம். வெடிக்கிறாள். கண்ணைத் திறந்துகொண்டு வெடிக்கிறாளாம். மாலை அவள் கழுத்தில் விழுகிறதாம். நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கீழே எப்போதும் ஒரு வேலை இருக்கும். இந்தப் பாட்டிலா? துறையூர்ச் செக்கில் விளக்கெண்ணெய் வாங்க. அவள்தான் கொடுத்தனுப்பினாள். பேசாமல் இல்லை, பேசுவாள், சோறு போடுவாள், எல்லாம் உண்டு. இப்போது டீக்கடைக்குப் போனால்கூட, சொல்லு மாமா என்கிறார்கள். சொல்கிறேன். சிரிக்கிறார்கள். ஆனால் நான் முடிக்கிற இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறார்கள்.

அண்ணே, ஏன் நிக்குது? என்ன ஆச்சு? இதுதானே கூகைப்பாறை வளைவு, இன்னும் கொஞ்சம் போனால் தாண்டிவிடலாமே!

“இரு பெருசு. இன்னிக்குப் பாரிவேட்டை இல்ல? வெடி கேக்காம மலைய விட்டு எறக்குனா வண்டிக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சிருக்கு. உச்சியாயிடுச்சு, இப்ப வந்துரும். டேய், ஜன்னலெல்லாம் தொற.”

இன்ஜினையும் அணைத்துவிட்டான், பாருங்கள். இவன் அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா? தம்பி, ஜன்னலைத் திறக்க விடாதீர்கள். ஏதாவது பேசுங்கள். கிழங்கு மூட்டைக்கு என்ன விலை பேசினீர்கள்? ஏமாந்திருப்பீர்கள், எங்கள் ஆட்கள் மண்ணோடு சேர்த்து நிறுப்பார்கள். சொல்லுங்கள், எவ்வளவு? சும்மா இருக்காதீர்கள். இவ்வளவு அமைதி நல்லதில்லை. இந்த வருஷம் வெடிக்காது, எனக்குத் தெரியும். பனி அதிகம், மருந்து நமுத்துப்போயிருக்கும். பாருங்கள், உச்சி தாண்டிவிட்டது. நான் சொன்னேன் இல்லையா, இந்த வருஷம்...

கேட்டீர்களா.

இருங்கள். இன்னும் முடியவில்லை. மேற்கே ஒன்று. தெற்கே ஒன்று. அதோ, கடைசியாகப் பாறைப் பக்கம்.

“யப்பா! என்னா வெடிடா! யாருடா கெட்டிக்கிறது இத?”

“யாரோ ஒரு பொம்பளையாம்ண்ணே.”

கன்னத்தில் போட்டுக்கொள்கிறான் டிரைவர். போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் இப்படிக் காதைக் கொண்டுவாருங்கள். இன்னும் பக்கத்தில். கண்டக்டர் பார்க்கிறான்.

பொம்பளையாவது, கெட்டிக்கிறதாவது. காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஜாடியைக் கணப்பில் வைத்து மெழுகை உருக்கினேன். சிக்கை உள்ளங்கையில் தேய்த்துச் சக்கையைப் பொறுக்கினேன், ஒன்றுவிடாமல். எண்ணெயில் ஊறப்பிசைந்து, பருத்தித் துணியை மடித்து, அந்தச் சத்தம் வருகிறவரைக்கும் இடித்து, துப்பாக்கியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு பஸ் ஏறினேன். நான்தான், தம்பி. மூன்று வருஷமாகவே நான்தான். சத்தியம். இந்த மீசை மேல் சத்தியம்.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் யார் சொன்னது என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை கிழங்குக்கு மேலே வந்தால், அவள் எதிரில் இந்தப் பேச்சே வேண்டாம். வருத்தப்படுவாள். பாவம், அவள்தான் கெட்டிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும்.